என்னுடையதல்லாத சிரிப்பு

மார்ச் 4

அக்கா,

போனில் 'அக்கா' என்று ஒளிரும்போதெல்லாம் எடுக்காமல் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். கோபம் என்று நினைக்காதே. உன் குரலைக் கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். அந்தப் பழக்கத்தால் வந்த வினைதான் இது. எழுதினால் ஒவ்வொரு சொல்லையும் பார்த்து வைக்கலாம்.

ஒரே ஒரு கேள்வி. அம்மா போன பிறகு உன் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, ஒருநாள் சமையலறையில் உன்னிடம் ஒன்று சொன்னேன். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவர் பற்றியது. அம்மாவின் மருந்து டம்ளரை நீ தேய்த்ததையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாய். அதைக் கேட்டதும் சிரித்தாய். எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். அதை வேறு யாரிடமாவது சொன்னாயா?

ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று போதும். அந்த விஷயத்தைத் திருப்பி எழுதிவிடாதே. உறையை யார் பிரிப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

நேற்று ஒருவர் என் எதிரே உட்கார்ந்து, கைப்பையை மடியிலிருந்து இறக்காமலே, "யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டார். 'யாரிடமும் இல்லை' என்று சொல்ல என் வாய் தயாராகிவிட்டது. பாதியில் விழுங்கினேன். அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. நான் விழுங்கியதைப் பார்த்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

இதைக்கூட உனக்கு எழுதியிருக்கக் கூடாது.

எலி

*

மார்ச் 9

அன்புள்ள எலிக்கு,

ஆமாம்.

ஒரு வார்த்தை கேட்டாய், கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிற ஆளா நான்? டை அடித்துவிட்டு அரை மணி நேரம் ஊற விட வேண்டும். அந்த அரை மணி நேரம் பார்லரில் யார் பேசுவது, கண்ணாடியா? நீ எழுதாதே என்கிறாய். எழுதாவிட்டால் நான் செய்தது உனக்குப் புரியாது. அதனால் எழுதுகிறேன், திட்டிக்கொள்.

நாலைந்து மாதமாக ஓர் அம்மாள் டை அடிக்க வருகிறார். போன வாரம் நாற்காலியில் உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது. "எங்கம்மா போய் ஒரு வருஷம் ஆகப் போகுதுங்க. இன்னும் மனசு ஆறல. கடைசியில, சீக்கிரம் போய்ச் சேர்ந்தா தேவலன்னு நெனச்சுட்டேன். பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டவளாவது நெனைக்கலாம். நான் எங்கயோ தூரத்துல சொகமா இருந்துக்கிட்டு நெனச்சேனே" என்றார். எனக்கு உன் முகம் ஞாபகம் வந்தது, ஏன் என்று கேட்காதே.

"இதுக்குப் போய் அழுவாங்களா? ஒன்னு சொல்றேன் கேளுங்க" என்று ஆரம்பித்தேன். நீ எனக்குச் சொன்னபடியேதான். எங்கோ ஓர் ஊரில் ஒரு மகள். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டவள். அம்மா மூச்சு நின்ற அன்று குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வாயில் துண்டை வைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். விடுதலையாம். அது பாட்டுக்குத் தண்ணீர் ஓடி மாடித் தொட்டியே காலி. துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கை கழுவச் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் கூடப் பிறந்தவள் ஒருத்தி, "எங்கம்மா போறப்ப தண்ணியையும் கையோட கொண்டு போயிட்டா" என்றாளாம்.

நீ இதைச் சொன்னபோது அந்த இடத்தில்தான் நான் சிரித்தேன். அவரும் சிரிப்பார் என்று பார்த்தேன். கண்ணாடியில் அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது.

"அது மக இல்லீங்க. மருமக" என்றார். "அந்த வார்த்தையச் சொன்னது நான்."

பிரஷ் என் கையில் இருக்கிறது. தலையில் ஒரு பாதிதான் டை. "உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டார். எனக்கு மூளை ஓடவில்லை. "என் தங்கச்சி. கவுன்சலிங் பண்றா" என்றேன். அப்படியே எழுந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் ஒரு பெயர் சொன்னேனா? ஓர் ஊர் சொன்னேனா? எனக்கு என்ன தெரியும் எலி?

அக்கா

*

மார்ச் 14

அக்கா,

எழுதாதே என்று சொன்னதை மட்டும் விடாமல் எழுதியிருக்கிறாய்.

அந்தப் பெண்மணி சொன்னது சரியா தவறா என்று நான் எழுத மாட்டேன். நீ சொல்லும் ஆளை எனக்குத் தெரியும் என்றோ தெரியாது என்றோகூடச் சொல்ல மாட்டேன். உனக்கு இது வேடிக்கையாக இருக்கும். முன்பு ஒருமுறை கடைவீதியில் என்னை ஒருவர் பார்த்தார், நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நடந்தேன். "படிச்ச திமிரு" என்றாய். திமிர் இல்லை. எங்களிடம் வருகிறவர்களைத் தெருவில் பார்த்தால் நாங்கள் முதலில் சிரிப்பதில்லை. அவர் கூட வரும் ஆள், "யார் அது?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அவராகச் சிரித்தால்தான் நாங்கள் சிரிப்போம். தெரிந்தவரா இல்லையா என்பதே அவருடைய பொருள். அதைக் காப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இங்கே அறை வாசலில் ஒரு பழைய மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். காற்றுக்காக அல்ல, உள்ளே பேசுவது வெளியே கேட்காமல் இருக்க. வருவதற்கு ஒரு கதவு, போவதற்கு ஒரு கதவு. இவ்வளவும் வைத்துக்கொண்டு, ஒரு மனிதர் வாயில் துணி வைத்து அடைத்த சத்தம் உன் பார்லர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

'அவகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி' என்று அம்மா உன்னைச் சொல்வாள். நான்தான் மறந்துவிட்டேன். கலங்கி உட்கார்ந்திருக்கும் ஒருவரைத் தேற்ற உனக்கு வேறு கதையே கிடைக்கவில்லையா?

எங்கள் மூத்த ஆலோசகரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். விசாரணை முடியும் வரை நான் யாரையும் பார்க்கக் கூடாது. நாற்காலிகளைத் துடைக்கிறேன், டிஷ்யூ பெட்டிகளை மாற்றுகிறேன். விசாரணையில் என்ன முடிவு வந்தாலும் எனக்குச் சரி. அந்த ஒருவர் மறுபடியும் யாரிடமாவது வாய் திறப்பாரா என்பது ஒன்றுதான் எனக்கு வேண்டியது. அது தெரிந்துகொள்ள எனக்கு உரிமையில்லை.

எலி

*

மார்ச் 20

எலிக்கு,

அம்மாவை இழுக்காதே. அம்மா சொன்னதையெல்லாம் பக்கத்தில் இருந்து கேட்டவள் நான். விடுமுறைக்கு வந்து கேட்டவள் நீ.

நான் வாயாடி. ஒப்புக்கொள்கிறேன், போர்டு எழுதி வாசலில் மாட்டவும் தயார். ஆனால் வெளியே சொல்ல மாட்டேன் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தவள் நீ. உன் வீட்டுப் பூட்டை நீயே திறந்துவிட்டு, தெருவில் போகிறவளைத் திருடி என்கிறாயே.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். அதற்குள் அவர் வந்துவிட்டார்.

வராமல் என்ன செய்வார், பாதித் தலை கறுப்பு, பாதித் தலை வெள்ளை. துணியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "மிச்சத்தையும் அடிச்சு விடுங்க" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் பார்லரில் இப்படி ஓர் அமைதி இருந்ததில்லை.

தலையை அலசும்போது அவரே பேசினார். அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். அண்ணன் ஹாலில் படுக்கிறாராம். அண்ணி துணிமணியை எடுத்துக்கொண்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போய்விட்டாராம். "அஞ்சு வருஷம் எங்கம்மாவத் தொட்டுத் தூக்கினவங்க. எனக்குத் தெரியாதா? நான் ஒரு நாள் பீத்துணி அலசினதில்ல. ஆனா சிரிச்சாங்களே. நாங்க வெளிய அழுதுக்கிட்டு இருக்கோம், உள்ள சிரிச்சிருக்காங்களே" என்றார். தண்ணீர் அவர் காதுக்குள் போய்விட்டது. துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

எலி, அந்த அண்ணியை நான் பார்த்ததில்லை. ஆனால் ராத்திரி எத்தனை முறை எழுந்திருப்பாள், எந்தப் பக்கம் இடுப்பு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் குடும்பத்தை நான் பிரித்துப் போட்டேன். துண்டு மடிக்கும்போதும் இதே நினைப்பு.

ஒன்று தோன்றுகிறது. அவர் அடுத்த தடவை வரும்போது, அது என் கதை என்று சொல்லிவிடட்டுமா? 'எங்கம்மா செத்தப்போ நான்தான் சிரிச்சேன், வெக்கப்பட்டு வேற யார் மேலயோ போட்டேன், தொட்டி காலியானது எங்க வீட்லதான்' என்று. எனக்குப் பொய் சொல்ல நன்றாக வரும். பொருந்தாத வெட்டுக்கெல்லாம், 'உங்களுக்கு இது எடுப்பா இருக்கு' என்று சொல்கிறவள்தானே.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அவர் வாழ்க்கையில் நடந்ததை அவரைக் கேட்காமல் நான் எடுத்து உனக்குக் கொடுத்தேன். அதை அவரைக் கேட்காமல் நீ எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தாய். இப்போது அவரைக் கேட்காமலே அதை அவரிடமிருந்து பிடுங்கி நீயே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாய். நல்ல மனசோடுதான். நானும் நல்ல மனசோடுதான் செய்தேன்.

பூட்டைப் பற்றி நீ எழுதியது சரி. உன்னைத் திட்டி எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற முடிந்தால் தபால்காரர் காலில் விழுவேன்.

விசாரணையில் ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ஏன் சொன்னீர்கள்? 'அக்கா துக்கத்தில் இருந்தாள், தேற்றச் சொன்னேன்' என்றேன். எழுதிக்கொண்டார்கள். மூத்த ஆலோசகர் மட்டும் பேனாவை வைத்துவிட்டு, "தேத்தறதுக்கு உங்ககிட்ட உங்களோடது எதுவும் இல்லையா?" என்று கேட்டார். அவர் குத்திக் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

இல்லை அக்கா. என்னிடம் ஒன்றும் இல்லை. அம்மாவை நீ தூக்கினாய், துடைத்தாய், திட்டு வாங்கினாய். நான் இங்கே நன்றாக விசிறி ஓடும் அறையில் உட்கார்ந்து மற்றவர்களுடைய அம்மாக்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா போனதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு எலி, நான் மனுஷிதானா?" என்று நீ கேட்டபோது, உன் எதிரே வெறுங்கையோடு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. கைக்கு அருகில் இருந்ததை எடுத்து நீட்டிவிட்டேன். அது என்னுடையதல்ல.

மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றித்தான் சொன்னேன். ஒன்றை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. தண்ணீரைப் பற்றிய அந்த ஒரு வார்த்தை. அது இல்லாவிட்டால் நீ சிரித்திருக்க மாட்டாய். நான்கைந்து வாரத்துக்குப் பிறகு நீ அன்றுதான் சிரித்தாய், டம்ளரைக் கீழே வைத்தாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்தப் பெருமையை இப்போது எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தயவுசெய்து அவரிடம் ஒன்றும் சொல்லாதே.

எலி

*

ஏப்ரல் 7

எலிக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நான் அதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டேன்.

அவர் முடி வெட்டிக்கொள்ள வந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் புருவம் எடுக்க ஓர் ஆள். கூட்டம் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு, அந்த அண்ணியை நாலு பேருக்கு நடுவில் சந்தி சிரிக்க வைத்தவள் தனியாகச் சொல்வது என்ன நியாயம் என்று தோன்றியது. சத்தமாகவே சொன்னேன். "ஏங்க, அன்னிக்கு நான் சொன்னது பொய்யி. அது என் தங்கச்சி சொன்ன கதையில்ல. எங்கம்மா செத்த அன்னிக்கு நான்தான் பாத்ரூம்ல போய்ச் சிரிச்சேன். தண்ணி போனதும் எங்க வீட்லதான்."

அவர் கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தார். "அப்ப நான் சொன்ன வார்த்தை?"

"தொட்டி காலியான வீட்ல எல்லாரும் சொல்றதுதானே அது" என்றேன். "அப்ப ஏன் தங்கச்சி மேல போட்டீங்க?" "வேற யார் மேல போடறது, தங்கச்சின்னு ஒருத்தி அதுக்குத்தானே இருக்கா?"

நம்பினாரா என்று தெரியவில்லை. நம்ப ஆசைப்பட்டார் என்று மட்டும் தெரிந்தது. போகும்போது, "அண்ணிக்குப் போன் போடறேன்" என்றார்.

புருவம் எடுக்க வந்த ஆள் யார் என்று கேட்கவில்லையே. சித்தி வீட்டு மாடியில் குடியிருக்கிறவர். சாயங்காலமே சித்தி வாசலில் வந்து நின்றாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எங்க அக்கா செத்தப்போ சிரிச்சியாமேடி?" உன் அத்தான் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்க்கிறார். இல்லை என்றால் பார்லரில் சொன்னது பொய்யாகிவிடும். "ஆமா சித்தி" என்றேன். "உன் மூஞ்சியில இனி முழிக்க மாட்டேன்" என்று போய்விட்டாள். அத்தான் இரண்டு நாளாக என்னிடம் ரொம்ப மெதுவாகப் பேசுகிறார், காய்ச்சல்காரியிடம் பேசுகிற மாதிரி.

போகட்டும். அந்த அண்ணிக்கு வீடு திரும்பக் கிடைத்தால் சரி. உன் கடிதத்தைப் படித்தபோது, செய்தது தப்பு என்று தெரிந்தது. படிப்பதற்கு முன்பே செய்துவிட்டோமே என்று கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

வெறுங்கையோடு வந்திருக்கலாமே எலி. அன்றைக்கு எனக்குக் கதையா வேண்டியிருந்தது? அந்த டம்ளரை என் கையிலிருந்து வாங்கி நீ தேய்த்திருந்தால் போதும்.

அவளுக்கு ஏதாவது நல்லது நடந்ததா? நடந்தது என்று மட்டுமாவது சொல்.

அக்கா

*

மே 1

அக்கா,

நீ கேட்டதற்கு நானாகப் பதில் சொல்ல முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

நீ செய்ததை நான் மறைக்கவில்லை. மூத்த ஆலோசகரிடம் சொன்னேன். தெரிய வேண்டியவருக்கு அவர் மூலமாகத் தெரிவித்தேன், என் சார்பில் மன்னிப்பு எதையும் சேர்க்காமல். நான் மன்னிப்புக் கேட்டால், 'பரவாயில்லை' என்று சொல்ல வேண்டிய பாரம் அவர் தலையில் விழும். அதுவும் வேண்டாம் என்று நினைத்தேன்.

விசாரணை முடிந்தது. ஆறு மாதம் நான் யாரையும் பார்க்கக் கூடாது. அதன் பிறகும் ஒருவர் மேற்பார்வையில்தான். குறைவு என்று எனக்குத் தோன்றியது. "உங்களுக்கு எவ்வளவு தண்டனை வேணும்ங்கறதுக்காக இந்தக் கமிட்டி உக்காரல" என்றார் மூத்த ஆலோசகர்.

போன வியாழக்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டார். உனக்கு ஒரு செய்தி வந்திருப்பதாகச் சொன்னார். அனுப்பியவர் யார் என்று நீ புரிந்துகொள்வாய். உனக்கு எழுதச் சொன்னவரும் அதை அனுப்பியவரே. எந்த வார்த்தைகள் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்:

"அவங்க அக்காகிட்ட சொல்லுங்க. சிரிச்சது நான்தான். அஞ்சு வருஷத்துல அந்த வீட்டுல எனக்குன்னு நான் செஞ்சது அது ஒன்னுதான். அதையும் வேற யாரும் எடுத்துக்க வேண்டாம். என் நாத்தனார் போன் பண்ணி, தப்பா நெனச்சுட்டேன் அண்ணின்னாங்க. இல்ல, சரியாத்தான் நெனச்சீங்கன்னு நானே சொல்லிட்டேன்."

இவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று செய்தியில் இல்லை. நானும் கேட்கவில்லை. அவர் இங்கே மறுபடி வருகிறாரா, வேறு எங்காவது போகிறாரா, எங்குமே போகவில்லையா என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

வாசல் மின்விசிறிக்கு எண்ணெய் போடட்டுமா என்று துப்புரவு செய்கிறவர் கேட்டார். வேண்டாம், சத்தம் இருக்கட்டும் என்றேன்.

எலி

*

மே 8

அன்புள்ள எலிக்கு,

அந்த வரிகளைப் படித்துவிட்டுக் கடையைத் திறக்க மனசில்லாமல் ஷட்டருக்கு வெளியிலேயே நின்றேன். தியாகம் செய்துவிட்டதாக நினைத்து நடந்துகொண்டிருந்தேன். சித்தி திட்டியதுகூட ஒரு பதக்கம் மாதிரி இருந்தது. அந்த அண்ணி எனக்கு ஒரு திட்டும் அனுப்பவில்லை, தன் சாமானைத் திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

கொடுத்துவிட்டேன். நாத்தனாருக்கு உண்மை ஏற்கெனவே தெரியும். சித்தி வீட்டுக்கு நானே போனேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. "நான் சிரிக்கல சித்தி. சும்மா சொன்னேன்" என்றேன்.

"எந்தப் பைத்தியமாவது அப்படிச் சும்மா சொல்லுமாடி? யாருக்காகச் சொன்ன?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இருந்தது எலி. நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் சித்தி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்திருப்பாள். "அத மட்டும் கேக்காத சித்தி" என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். இனி எப்போது திறப்பாளோ.

முந்தாநாள் கடைவீதியில் அந்த நாத்தனார் எதிரே வந்தார், கூட யாரோ ஒரு பெண்மணி. புதிய ஆள். அவர் அண்ணியாக இருக்குமோ என்று ஒரு நொடி நினைத்தேன். நான் முதலில் சிரிக்கவில்லை. அவர்களும் சிரிக்கவில்லை. மூன்று பேரும் அவரவர் வழியில் போய்விட்டோம். திரும்பிப் பார்க்க எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? நீ தினமும் எப்படி இதைச் செய்கிறாய்?

அம்மா போன அன்று காலையில் நான் என்ன செய்தேன் என்று நீ இதுவரை என்னைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சிரிக்கவில்லை, அழவும் இல்லை. வேறு ஒன்று செய்தேன். அது என்னோடது. எழுத மாட்டேன், உறையை யார் பிரிப்பார்களோ.

ஆறு மாதம் உனக்கு வேலை இல்லையே, வா. வெறுங்கையோடு வா. முடி வெட்டிக்கொள்ளாமல் வா, எவளோ உனக்குக் கழுத்துப் பக்கம் கோணலாக வெட்டுகிறாள், போன தடவையே பார்த்தேன். ஷட்டரை இறக்கிவிட்டு உன்னை நாற்காலியில் உட்கார வைக்கிறேன். அந்தக் காலையைப் பற்றி நான் சொல்வேன், நீ கேட்டுக்கொண்டிரு. ஆலோசகராக இல்லை. பின்னால் நிற்கிற என் முகம் கண்ணாடியில் தெரியும். பார்க்க முடியாவிட்டால் கண்ணை மூடிக்கொள்.

அக்கா